ரசீது இல்லாமல்

இருபத்திரண்டு வருடமாய்
பாலத்தின் இந்தக் கரையில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் நான்.
பய்சாண்டுவின் ஆரஞ்சு லாரிகள்,
அக்கரை அர்ஜென்டினாவில் மலிவாய் எண்ணெயும் சோப்பும் வாங்கி
மடியில் வைத்துத் திரும்பும் குடும்பங்கள்,
ஒருமுறை ஒரு சர்க்கஸ் ஒட்டகம்.
அட்டவணையில் ஒட்டகம் இல்லை.
இரண்டு அச்சு வண்டி என்று எழுதி வசூலித்தேன்.
ரசீது இல்லாமல்
ஒன்றும் என்னைக் கடந்ததில்லை.

கால் எரிச்சலுக்குத்தான் போனேன்.
டாக்டர் லுஸ்ஸிச் எதற்கோ மார்பில் ஒயர்களை ஒட்டினார்.
ரோஜாநிறக் கட்டத் தாளை மேசையில் நீட்டி
பேனா முனையால் ஒரு பள்ளத்தைத் தொட்டார்.
"பழைய தழும்பு, இர்மா.
மாரடைப்பு ஒன்று வந்து போயிருக்கிறது."

எப்போது?

"ஒரு வருடம் இருக்கலாம். மூன்றும் இருக்கலாம்.
சர்க்கரை நரம்பை அரித்துவிட்டால்
வலி பாதிவழியில் நின்றுவிடும்,
வீடு வந்து சேராது."

அன்றைய இரவுப் பணியில்
வண்டிகளுக்கு நடுவே நாட்களைப் புரட்டினேன்.
தண்ணீர் கேனோடு படியேறி
சட்டை பிழிய வியர்த்த பிப்ரவரியா?
வில்மாருக்கு வழியனுப்பு விருந்து வைத்த ஞாயிறா?
நெருப்பில் வாட்டிய விலாவெலும்பைத் தின்று
நெஞ்சு கரிக்கிறது என்று சோடா குடித்தேனே.
இல்லை, ஒரோஸ்மான்
ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சால்ட்டோவுக்குப் போன இரவா?
விடியும்வரை சமையலறைத் தரையில்
மூச்சு ஏறாமல் கிடந்தேன்.
துக்கம் என்றே எண்ணிவிட்டேன்.
அது இதயம்தான் என்றால்
இத்தனை நாளும் அவன் பேரில் எழுதிவந்த பெருந்தொகையை
அடித்துத் திருத்த வேண்டும்.
அவனுக்காக
அவ்வளவொன்றும் நான் சாகவில்லை.

இப்போது பழைய நாணயத் தட்டில் மாத்திரை.
ஒரு பெசோ பள்ளத்தில் ஆஸ்பிரின்,
இரண்டில் ரத்தக்கொதிப்புக்கு,
ஐந்தில் கொழுப்புக்கு,
பத்தில், சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் புதியது.
அது இதயத்தையும் சேர்த்துக் காக்குமாம்; விலையும் அப்படித்தான்.
சிகரெட்டை விட்டது முதல் மாதம்.
லைட்டரை இன்னும் விடவில்லை,
லாரிக்காரர்களுக்குப் பற்றவைத்துக் கொடுத்து
புகை போகும் திசையில் கொஞ்சம் சாய்வேன்.
டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.
அதிகாலை நான்கு மணி, பாலம் காலி:
கைப்பட்டை உப்பும், இறுக்கும், தளரும்.
நூற்று இருபத்தெட்டுக்கு எழுபத்தாறு.
வாகன எண் மாதிரி பதிவேட்டு ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.
பணி முடிந்ததும் பாலத்தில் நடை,
இரண்டு நாடும் தொடும் மஞ்சள் கோடு வரை.
முதல் வாரம் பாதிக்கே இளைத்தது.
இப்போது கோட்டில் நின்று
அக்கரைக்கு ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்புகிறேன்.
கட்டணம் கிடையாது.

"அடுத்ததும் ஹாரன் அடிக்காது" என்றிருந்தார் டாக்டர்.
"காரணமில்லாத களைப்பு, குளிர்ந்த வியர்வை,
தாடை கனப்பது, குமட்டல்.
விளக்கில்லாமல் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் பாருங்கள்."

நேற்று எவாரிஸ்டோ வந்தார்.
ஆரஞ்சு லாரி, நான்கு அச்சு.
கண்ணாடிக்கு அடியில் எப்போதும்போல் இன்சுலின் பேனா.
சில்லறையை என் கையில் வைத்தபோது
அவர் விரல்கள் மீன்போல் ஈரமாய், குளிராய் இருந்தன.
முகம் சாம்பல்.
ஜூலை மாதம், அவர் நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை.
ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன்.
பின்னால் ஒன்பது வண்டிகள்,
ஒன்பது ஹாரன்கள்,
என் அம்மாவைப் பற்றி யாரோ ஏதோ கத்தினார்கள்.

"கட்டையைத் தூக்கு இர்மா, லோடு வாடுது."

வலிக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கா? ஒரு வலியும் இல்லையே" என்றார்.

அதனால்தான்
தூக்கவில்லை.